ஆறரைக் கிலோ

குழந்தைகள் வார்டு வராந்தா,
12.08.2024

அண்ணிக்கு,

இதை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பட்டாபிராமுக்கும் திருமுல்லைவாயிலுக்கும் நடுவில் மூன்றே ஸ்டேஷன்தான், தெரியும். போனில் பேசினால் நீங்கள் அழுவீர்கள், நானும் அழுவேன், அண்ணன் போனைப் பிடுங்கி "சரி விடுங்க ரெண்டு பேரும்" என்பார். வாட்ஸ்அப்பில் எழுதினால் அழித்துவிடலாம். கையால் எழுதியதை அழிக்க முடியாது. நீங்களும் கையாலேயே பதில் எழுதுங்கள்.

கேள்வி ஒன்றுதான். மார்ச்சிலிருந்து ஜூலை வரை ஒவ்வொரு மாதமும் கம்பெனி செக்கப்பில் என் எடை என்று நீங்கள் எழுதிக் கொடுத்தீர்களே, அது உண்மையா பொய்யா?

ஜூலை சீட்டில் ஐம்பத்தாறு. கம்பெனி லைனில் நான் மயங்கி விழுந்து இங்கே தூக்கி வந்த அன்று ஆஸ்பத்திரி மிஷினில் நாற்பத்தொன்பதரை. மூன்று வாரத்தில் ஆறரைக் கிலோ. டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "உண்மையச் சொல்லும்மா, என்ன மருந்து சாப்பிட்டே?" என்றார். நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்றேன். அவர் கேஸ் ஷீட்டில் ஏதோ எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டார். என் மாமியார் பொன்னம்மாள் அப்போது பக்கத்தில்தான் நின்றார்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. கேள்விக்குறி தெரியும்.

அதிலிருந்து வார்டு முழுக்க ஒரே பேச்சு. "மூணு வருஷம் கயிச்சு உண்டாச்சு. லைன் லீடர் ஆவணும்னு புள்ளையக் கலைக்க இன்னாவோ துன்னுகீறா." என் வீட்டுக்காரர் சரணும் அதை மறுக்கவில்லை.

நேற்று என் லைன் வித்யா என்னைப் பார்க்க வந்தாள். அவளுக்கு ஆறு மாதம். உங்களுடைய மெடிக்கல் ரூமில் எங்களை முதுகைக் காட்டித்தானே மிஷின் மேல் ஏறச் சொல்வீர்கள். ஆம்பளைகள் கதவருகே நின்று "எத்தினி டன்னு சிஸ்டர்?" என்று கேலி பேசுவதால், எண்ணை யாரும் பார்க்கவோ உரக்கச் சொல்லவோ கூடாது என்று நீங்கள் கொண்டுவந்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். போன மாதம் இறங்கும்போது கால் தடுக்கி வித்யா திரும்பியிருக்கிறாள். முள் நாற்பத்தேழில் நின்றது. சீட்டில் நீங்கள் ஐம்பது எழுதினீர்கள்.

எனக்கும் அப்படித்தானா?

அப்படியென்றால் அதை எழுதி, கையெழுத்துப் போட்டு, இந்த வார்டு டாக்டரிடம் கொடுங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஏழு மாதத்திலேயே பிறந்துவிட்ட பாப்பா இன்று 1080 கிராம். பிறந்தபோது இருந்ததைவிட நாற்பது கிராம் குறைவு. இங்கே எடையை உரக்கச் சொல்கிறார்கள்.

சுரேகா


திருமுல்லைவாயில்,
16.08.2024

அன்புள்ள சுரேகாவுக்கு,

தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனபோது கோர்ட் நோட்டீஸோ என்று பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். உன் அண்ணன் கேட்டார். ஏதோ பாலிசி என்று சொன்னேன். நாத்தனார் எனக்குப் பதிவுத் தபால் அனுப்பும் நாள் வரும் என்று நினைத்ததில்லை.

நீ படுக்கையில் இருக்கிறாய், கோபப்பட உனக்கு உரிமை உண்டு. ஆனால் நடந்தது என்ன என்று கொஞ்சம் நினைத்துப் பார். மார்ச்சில் நீ வாந்தியெடுத்து வாந்தியெடுத்துத் துணி மாதிரி துவண்டிருந்தாய். லோகநாதன் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். கான்ட்ராக்டரின் ஆள், உனக்குத் தெரியாதவரா? "இன்னா சிஸ்டர், உங்க ஊட்டுப் பொண்ணு எளைச்சுக்கினே போவுதே. கார்டுல வெயிட் எறங்குச்சுன்னா டாக்டர் ரெஸ்ட்டுன்னு எழுதுவாரு. ரெஸ்ட்டுன்னா நம்மகிட்ட இன்னா அர்த்தம்னு தெரியுமில்ல?" எனக்குத் தெரியும். நிரந்தரத் தொழிலாளிக்கு ஓய்வு என்றால் உட்கார்ந்து செய்யும் வேலை. கான்ட்ராக்ட் பெண்ணுக்கு ஓய்வு என்றால் மறுநாள் கேட் பாஸ் வேலை செய்யாது. அப்போது உன்னை நிறுத்தியிருந்தால் பிரசவ விடுப்புக்குத் தேவையான நாட்கள் நிரம்பியிருக்காது.

ஆமாம், கொஞ்சம் கூட்டி எழுதினேன். உனக்காகத்தான் எழுதினேன். மாதம் ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ. நாலாம் மாதத்துக்கு மேல் வாந்தி நின்று எடை தானாக ஏறிவிடும், எண்ணும் உடம்பும் ஒன்றாகிவிடும் என்று நம்பினேன். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும்.

எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்கிறாய். அது என் வேலையோடு நிற்காது சுரேகா. என் நர்ஸ் பதிவையே ரத்து செய்வார்கள். நாற்பத்தாறு வயதில் நான் எங்கே போவேன்? சரணிடமும் உன் மாமியாரிடமும் நேரில் வந்து பேசுகிறேன். என் வாயால் சொல்கிறேன். அது போதாதா?

இன்னொன்று. பிப்ரவரியில் நீ என் சமையலறையில் நின்று "இப்போ வேணாமேன்னு தோணுது அண்ணி" என்று சொன்னதை நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அதை நினைவில் வைத்துக்கொள்.

பாப்பாவுக்குத் தாய்ப்பால் இறங்குகிறதா? பாலைப் பிழிந்து கொடுக்கிறாயா? சாப்பிடு.

அன்புடன்,
அனுசுயா


20.08.2024

அண்ணிக்கு,

"அதை நினைவில் வைத்துக்கொள்." இந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. இது மிரட்டலா? நான் அதிகம் கேட்டால் பிப்ரவரியை எடுத்து பொன்னம்மாள் கையில் கொடுப்பீர்களா?

அன்று நான் பயந்தேன். ஒரே ஒரு நாள் பயந்தேன். உங்களைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள்தான் என் கையைப் பிடித்து "எல்லாருக்கும் அப்படித்தான் தோணும்டி" என்றீர்கள். மறுநாளே நான் ஃபோலிக் ஆசிட் மாத்திரை வாங்கினேன். ஐந்து மாதமும் வாந்தியெடுத்து, கழுவி, மறுபடி உட்கார்ந்து சாப்பிட்டேன். உங்கள் சீட்டில் எடை ஏறியதைப் பார்த்துப் பார்த்து, சரி, உள்ளே போவது தங்குகிறது என்று நம்பினேன். ஜாக்கெட் தொளதொளவென்று இருந்தது. தையல் பிரிந்துவிட்டது என்று நினைத்தேன் அண்ணி! என் உடம்பை நம்பாமல் உங்கள் கையெழுத்தை நம்பினேன்.

எனக்காக எழுதினீர்கள் என்கிறீர்கள். என்னிடம் கேட்டீர்களா? "சுரேகா, நீ ஏறவில்லை, நான் ஏற்றி எழுதப்போகிறேன், ஆனால் நீ வெளியே போய் ஒரு ஸ்கேன் எடு" என்று காதில் சொல்லியிருந்தால் போதாதா? லோகநாதனிடம் மறைத்தீர்கள், சரி. என்னிடம் ஏன் மறைத்தீர்கள்? சனிக்கிழமை சாயங்காலம் ஷிப்ட் முடிந்து ஓடி ஓடிச் சுகாதார நிலையத்துக்குப் போவேன். அங்கே மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள். "கம்பெனி சீட்டு இருக்கில்ல? குடு, அதையே எழுதிக்கிறேன்" என்று தாய் சேய் அட்டையில் நீங்கள் எழுதிய எண்ணையே ஏற்றுவார்கள். நர்ஸ் எழுதியதை நர்ஸ் நம்பினார். எல்லோரும் உங்களை நம்பினோம்.

வாயால் சொல்கிறேன் என்கிறீர்கள். அண்ணி வந்து சொல்வார்கள் என்றேன், என் மாமியார் நேற்றே அதைத் தீர்த்துவிட்டார்கள். "உங்க அண்ணிக்காரி உனுக்குத்தான் சப்போட்டு பண்ணுவா. சீட்டுல ஏறிக்கினுதானே வந்துகீது? சீட்டு பொய் சொல்லுமா?" சரண் தலையைக் குனிந்துகொண்டு டீ வாங்கப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். டீ இல்லாமல்.

என் உண்மையான எடை என்ன? மாதவாரியாக எழுதி அனுப்புங்கள். எங்கேயாவது குறித்து வைத்திருப்பீர்கள் இல்லையா? டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும். எந்த மாதம் வளர்ச்சி நின்றது என்று கேட்கிறார்.

வித்யாவுக்கு இந்த மாதம் என்ன எழுதினீர்கள்?

சுரேகா


25.08.2024

சுரேகா,

குறித்து வைக்கவில்லை.

இதை எழுத எனக்கு நாலு நாள் ஆயிற்று. பீரோ, பழைய டைரி, மேஜை இழுப்பறை எல்லாம் தேடினேன், எங்கும் இருக்காது என்று தெரிந்தும். முள்ளைப் பார்ப்பேன், மனதில் கூட்டுவேன், எழுதுவேன். அடுத்த பெண் ஏறுவாள். மே மாதம் நீ நாற்பத்தொன்பதரையா, ஐம்பதா? தெரியவில்லை. உன் எடையை உலகத்தில் பார்த்தவள் நான் ஒருத்திதான். நான் அதை வைத்துக்கொள்ளவில்லை.

உனக்கு மட்டும் செய்யவில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் விஜி என்ற பெண்ணில் ஆரம்பித்தது. அவளை வீட்டுக்கு அனுப்பினால் புருஷன் அடிப்பான் என்று என் காலைப் பிடித்து அழுதாள். ஒன்றரைக் கிலோ கூட்டி எழுதினேன். அவள் பையன் இப்போது எல்கேஜி படிக்கிறான். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் படம் அனுப்புவாள். பிறகு இன்னொருத்தி, இன்னொருத்தி. உன்னோடும் வித்யாவோடும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். பத்துக் குழந்தைகள் நல்லபடியாகப் பிறந்தன. ஒவ்வொரு குழந்தை பிறந்தபோதும் எனக்குள் ஒரு கர்வம் வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். லோகநாதனை ஏமாற்றிவிட்டேன், கம்பெனியை ஏமாற்றிவிட்டேன் என்று ரயிலில் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவேன். நான் ஏமாற்றியது அந்தப் பெண்களை என்று ஒரு நாளும் தோன்றவில்லை. படித்தவள் நான். எடை ஏறாத கர்ப்பம் என்றால் என்ன அர்த்தம் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்டாய். சொன்னால் நீ பயப்படுவாய், பயந்தால் லைனில் முகத்தில் தெரிந்துவிடும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால் அது மட்டுமில்லை. சொன்னால் அது நம் இருவருடைய பொய்யாகியிருக்கும். சொல்லாதவரை அது நான் உனக்குச் செய்த உதவி. நீ நன்றி சொல்லாமலே எனக்கு நன்றி வந்துகொண்டிருந்தது.

வித்யா பற்றிக் கேட்டாய். புதன்கிழமை அவளைக் கூப்பிட்டேன். முள்ளுக்கு நேராக நிற்கச் சொன்னேன். நாற்பத்தாறே முக்கால். அதையே எழுதினேன். கம்பெனி டாக்டர் "ஓய்வு, உடனே ஸ்கேன்" என்று எழுதினார். வியாழக்கிழமை காலை ஆறேகாலுக்குக் கேட்டில் அவள் பாஸ் வேலை செய்யவில்லை. சாப்பாட்டுக் கூடையோடு வெளியே நின்று என்னைத்தான் பார்த்தாள், லோகநாதனை இல்லை. "சிஸ்டர், போன மாசம் வரைக்கும் நல்லாத்தானே இருந்தீங்க?" என்றாள்.

இதுதான் நீ கேட்ட உண்மை. அது முதலில் யாரைத் தின்றது பார்த்தாயா? லோகநாதன் மத்தியானம் மெடிக்கல் ரூமுக்கு வந்து, என் நாற்காலியிலேயே உட்கார்ந்து, "இன்னா சிஸ்டர், புது மிஷின் வாங்கிகீறீங்களா?" என்று சிரித்தார். அவருக்கு எல்லாம் தெரியும். நாலு வருடமும் தெரிந்தேதான் இருந்தார். ஆள் நிற்காமல் லைன் ஓடியதில் அவருக்கும் லாபம்தானே. மேஜை மேல் இருந்த பிரஷர் மிஷினைத் தூக்கி அவர் முகத்தில் எறிய வேண்டும் போல இருந்தது. நான் செய்தது, அவர் எழுந்து போக வழிவிட்டு நின்றது மட்டும்தான்.

கையெழுத்துக்கு இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை. பொய் சொல்லாமல் இதையாவது சொல்கிறேன்.

அனுசுயா


29.08.2024

அண்ணிக்கு,

வித்யா ஸ்கேன் எடுத்தாள். இங்கேதான் கூட்டி வரச் சொன்னேன். பனிக்குட நீர் குறைய ஆரம்பித்திருக்கிறது. ரத்தம் எட்டுக்குக் கீழே. படுக்க வைத்து ஊசி போடுகிறார்கள், நாலு வேளை சாப்பாடு, கண்காணிப்பு. குழந்தை அவள் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. என்னுடையது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

அவளுடைய வேலை போய்விட்டது என்று எழுதி, உண்மை அவளைத் தின்றது என்கிறீர்கள். அவள் வேலையைத் தின்றது லோகநாதன். அவள் குழந்தையைக் காப்பாற்றியது நாற்பத்தாறே முக்கால். இரண்டையும் ஒரே வரியில் எழுதாதீர்கள். நீங்கள் அப்படித்தான் ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ஒரு பக்கம் வேலை, ஒரு பக்கம் உடம்பு, நடுவில் நீங்கள் முள்ளை நகர்த்துகிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு வரி. "குறித்து வைக்கவில்லை." டாக்டரம்மாவிடம் காட்ட எண்ணே இல்லை என்று ஆகிவிட்டது. ஆனாலும் முதல் தடவையாக நீங்கள் சுற்றி வளைக்காமல் எழுதியிருந்தீர்கள்.

பாப்பா இன்று 1360. மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள், பாலாடைச் சங்கில் குடிக்கிறாள். பத்து நாளில் அனுப்பலாம் என்கிறார்கள். திங்கட்கிழமை டிஸ்சார்ஜ் சுருக்க அறிக்கை எழுத ஆரம்பிப்பார்களாம். கேஸ் ஷீட்டில் இருப்பதுதான் அதில் போகும். அந்தக் கேள்விக்குறியும் போகும். அந்தத் தாளோடுதான் நான் பட்டாபிராம் வீட்டுக்குள் போக வேண்டும். அந்தத் தாளோடுதான் இவள் வளர வேண்டும். நாளைக்கு இவளுக்குக் கண் சரியில்லை, நடை தாமதம் என்றால், எதற்கெடுத்தாலும் "உங்கம்மா துன்ன மருந்து" என்பார்கள். அதை இவள் காதில் போட்டே வளர்ப்பார்கள். எனக்கு என் மாமியாரைத் தெரியும்.

உங்களுக்கு நாற்பத்தாறு வயது என்று எழுதினீர்கள். இவளுக்கு இருபத்தெட்டு நாள்.

திங்கட்கிழமைக்குள்.

சுரேகா


01.09.2024

சுரேகாவுக்கு,

உறையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. இது உனக்கு மட்டும்.

ஆகஸ்ட் பதினாறாம் தேதி பிப்ரவரியைப் பற்றி எழுதியது மிரட்டல்தான். எழுதும்போது, உன் ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதினேன். தபால் பெட்டியில் போட்டபோது கை கொஞ்சம் நின்றது. நின்றது என்றால் எனக்குத் தெரிந்திருக்கிறது. போட்டுவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, ஏனென்றால் கேட்டால் நீ ஏதாவது பதில் சொல்லியாக வேண்டியிருக்கும்.

உன் அண்ணனிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். ரயில்வே கார் ஷெட் வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். முழுக்கக் கேட்டார். பிறகு, "அவ என் தங்கச்சி. உனக்கு வேற யாரோ மாதிரியா?" என்றார். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். இந்த உறையை நாளைக் காலை அவர்தான் கொண்டுவருகிறார். அவரிடம் கோபப்படாதே, நேற்றுவரை அவருக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டாவது தாள் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அனுசுயா

(இரண்டாவது தாள்)

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்களுக்கு வயர் தொகுப்பு செய்யும் கம்பெனியின் மருத்துவ அறையில் ஒன்பது ஆண்டுகளாக நர்ஸாக வேலை செய்யும் அனுசுயா ஆகிய நான், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதிக் கொடுப்பது:

2024 மார்ச் முதல் ஜூலை வரை சுரேகாவின் மாதாந்தரப் பரிசோதனைச் சீட்டில் நான் எழுதிய எடைகளில் மார்ச் மாத எடையான ஐம்பத்தொன்று உட்பட ஒன்றும் உண்மையல்ல. ஒவ்வொரு மாதமும் அவருடைய எடை குறைந்தது அல்லது ஏறாமல் நின்றது. நான் ஏறியதாக எழுதினேன். அவருக்கு இது தெரியாது. அவருடைய தாய் சேய் அட்டையில் உள்ளவை என் பொய் எண்களின் நகல்கள். எனவே ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது அவர் மூன்று வாரத்தில் ஆறரைக் கிலோ இழந்ததாகக் கருதியது தவறு. அப்படி ஒரு இழப்பு நடக்கவே இல்லை. அவர் ஏதாவது மருந்து உட்கொண்டார் என்பதற்கு அந்த எண் சாட்சியாகாது.

எடை ஏறாத கர்ப்பிணி கான்ட்ராக்ட் தொழிலாளர்களை, ஓய்வு என்ற பெயரில் கேட் பாஸை முடக்கி வேலையிலிருந்து நிறுத்துவது எங்கள் கம்பெனியில் எழுதப்படாத வழக்கம். கான்ட்ராக்டரின் மேற்பார்வையாளர் லோகநாதன் இதை என்னிடம் நேரடியாகச் சொல்லியிருக்கிறார். மேலாளர்களுக்கும் தெரியும். இதே காரணத்துக்காக இன்னும் பதினொரு பெண்களின் எடைகளையும் நான் மாற்றி எழுதினேன். உண்மையான எடைகள் எங்கும் பதிவாகவில்லை. அந்தத் தவறு முழுக்க என்னுடையது.

இதன் நகல்களை வார்டு மருத்துவருக்கும், கம்பெனிக்கும், தொழிலாளர் துறை அலுவலகத்துக்கும் கொடுக்கிறேன்.

(கையெழுத்து) அனுசுயா


பட்டாபிராம்,
14.09.2024

அண்ணிக்கு,

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம். 1690.

டாக்டரம்மா உங்கள் தாளை இரண்டு தடவை படித்தார். "ஒரு நர்ஸா இப்படி?" என்று உங்களைத் திட்டினார். பிறகு கேஸ் ஷீட்டை எடுத்து அந்த வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டார். என்னைப் பார்த்து, "நான் கேட்டிருக்கக் கூடாதும்மா" என்றார். சுருக்க அறிக்கையில் அந்தக் கேள்விக்குறி இல்லை.

சரண் தாளைப் படித்துவிட்டு அழுதார். எனக்கு அவர் அழுகை வேண்டியிருக்கவில்லை. ஒரு தாள் வந்தால்தான் பொண்டாட்டியை நம்புவேன் என்பவரோடு எப்படி இருப்பது என்று மெதுவாக யோசிக்க வேண்டும். என் மாமியார் பாப்பாவுக்கு வெந்நீர் வைத்தார்கள். அவ்வளவுதான்.

நீங்கள் சஸ்பெண்டான செய்தி அண்ணன் சொல்லித்தான் தெரியும். வருத்தம் என்று எழுத மாட்டேன்.

இன்று காலை லோகநாதனும் ஆபீஸ் மோகன் சாரும் பழம், பேபி பவுடரோடு வந்தார்கள். ஒரு டைப் அடித்த தாளை நீட்டினார்கள். எடைகளை மாற்றி எழுதியது நர்ஸ் அனுசுயாவின் தனிப்பட்ட செயல், கம்பெனிக்கோ கான்ட்ராக்டருக்கோ இதில் தொடர்பில்லை, என் குழந்தையின் நிலைக்கு அவர் ஒருவரே காரணம் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கையெழுத்துப் போட்டால் மறுபடி வேலை. உட்கார்ந்து செய்யும் வேலை.

மூன்று தடவை படித்தேன். உங்களைப் பற்றி அதில் இருந்ததில் பாதி நானே எழுதியிருப்பேன். பேனாவைக்கூட வாங்கினேன். சரண் போடச் சொன்னார்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். லோகநாதன், "இன்னாமா, உன் கொயந்தைய இந்த கதிக்குக் கொண்டாந்தவங்களையே காப்பாத்துறியே?" என்றார்.

"அவங்களைக் காப்பாத்தல. அவங்க மேல இருக்குற கோவம் என்னுது. அதை உங்களுக்குத் தூக்கிக் குடுக்க மாட்டேன்" என்றேன். பழத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

தொழிலாளர் துறை அலுவலகத்தில் நானும் வித்யாவும் சேர்ந்து போன வாரமே புகார் கொடுத்திருக்கிறோம். அதில் முதல் பெயர் லோகநாதன். இரண்டாவது கம்பெனி. மூன்றாவது நீங்கள். உங்களை விட்டுவிடலாமே என்று அண்ணன் கேட்டார். விட மாட்டேன்.

விசாரணை இருபத்து மூன்றாம் தேதி காலை பத்தரைக்கு. நீங்கள் வர வேண்டும். முதல் இரண்டு பேரைப் பற்றி நான் எழுதியது சரி என்று சொல்ல வேறு யாரும் இல்லை. மூன்றாவது பேரைப் பற்றி எழுதியதும் சரி என்று நீங்களே சொல்ல வேண்டியிருக்கும்.

அங்கே ஒரே ஒரு பெஞ்சுதான் இருக்கிறது. பக்கத்தில் உட்காருங்கள். என்னிடம் பேச வேண்டாம்.

சுரேகா